சோறு ரேஷனில், காய் சந்தையில்

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு காய் வேண்டும்? தெரிந்த வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அரிசி எவ்வளவு என்றால் ஆழாக்கு, உழக்கு, டம்ளர் என்று அவரவர் வழக்கப்படி சட்டென்று ஓர் அளவு வந்துவிடும். காய்க்கு அப்படி ஓர் அளவை யாரும் மனசில் வைத்திருக்கவில்லை. "வீட்ல என்ன இருக்கோ அதப் போட்டுச் செய்வோம்" என்பார்கள். சமையலில் கைதேர்ந்தவர்கள் சொல்லும் பதிலும் இதுதான்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் அளவு சொல்கிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியத்தைவிடக் காய்கறி ஒன்றரை மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நாலு பெரியவர்களுக்கு என்றால் தினம் 1.6 கிலோ காய். குழந்தைகள் இருக்கும் வீடு என்று குறைத்துக்கொண்டாலும் ஒன்றேகால் கிலோவுக்குக் கீழே போகாது.

நம் அடுப்பங்கரைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய், பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ், ரசத்துக்கு இரண்டு தக்காளி, தாளிக்க ஒரு வெங்காயம். நார், காம்பு, தோல் போக நிறுத்தால் அரைக் கிலோவை ஒட்டி வரும். வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. வாரத்தில் இரண்டு நாள் கீரை சமைக்கும் வீடுகளில் கொஞ்சம் கூடும். காலையில் இட்லி சட்னி, மதியம் எலுமிச்சைச் சோறு, ராத்திரி தோசை என்று ஓடும் நாட்களில் இந்த அரைக் கிலோவும் இருக்காது.

இந்தக் குறையை 1920-களிலேயே தமிழ்நாட்டு மண்ணில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஐதராபாத் நிறுவனம் பிறந்த இடம் குன்னூர். 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சின்னப் பிரிவு அது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போகும்வரை அதன் ஆய்வுகள் நீலகிரியில்தான் நடந்தன. 1920-களில் மெக்காரிசன் ஒரே வகை எலிகளைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவை, அவர்கள் சமைக்கும் முறையிலேயே சமைத்துக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவைத் தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டியலின் கடைசியில் நின்றது சென்னை மாகாண உணவு, 155 கிராம். தீட்டிய அரிசிச் சோறு நிறைய, பாலும் காயும் பெயருக்கு என்று இருந்த உணவு அது.

இந்த இனம் வீர இனம், அந்த இனம் சோனி என்று ஆங்கிலேய ஆட்சியாளர்கள் வகைபிரித்துப் பட்டாளத்துக்கு ஆளெடுத்த காலம் அது. அந்தக் காலத்தின் சாயல் மெக்காரிசன் எழுத்திலும் படிந்திருக்கிறது. ஆனால் சோதனை சொன்ன சேதி வேறு. எலிகள் ஒரே வம்சம், மாறியது தட்டு மட்டும். உடம்பின் வலு பிறப்பால் வருவதாகச் சொன்னவர்களுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. அவருக்குப் பின் குன்னூருக்குப் பொறுப்பேற்ற வாலஸ் ஐக்ராய்ட் 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையைச் சிறு நூலாக வெளியிட்டார். பலமுறை திருத்தப்பட்டு, 2017-இல் 528 உணவுப் பொருள்களைக் கொண்ட பெரிய அட்டவணையாக விரிந்திருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

நூறாண்டு கழித்து நிலைமை எப்படி? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-இல் நடந்தது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். அதே பெண்களில் 40.4 சதவீதம் பேர் வேண்டிய எடையைத் தாண்டியவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9 ஆக இருந்தது. ஐந்தே ஆண்டில் ஏறக்குறைய பத்துப் புள்ளி ஏறியிருக்கிறது. பெண்களின் இரத்தசோகையோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. இரத்தசோகைக்குக் குடற்புழு, மாதவிடாய் இழப்பு, அடுத்தடுத்த பிரசவம் என்று வேறு காரணங்களும் உண்டு. உணவை மட்டும் குற்றவாளி ஆக்கக் கூடாது. ஆனாலும் கலோரி மிஞ்சிச் சத்து குறைகிற தட்டின் படம் இந்த எண்களில் தெரிகிறது: நடுவில் சோறு மலையாக, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்.

இதைச் சொன்னதும் பெண்களுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். கீரை நல்லது என்று தெரியாத ஒரு தாயைக்கூடத் தமிழ்நாட்டில் நான் பார்த்ததில்லை. தெரிந்தும் வாங்க முடியாமல் போவது ஏன் என்பதுதான் யோசிக்க வேண்டியது. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் எவ்வளவு காய் தின்கிறது என்பதை அந்தக் குடும்பத்தின் அறிவைவிட, காய் எவ்வளவு தூரத்தில், எந்த நேரத்தில், எந்தக் குறைந்த அளவில் விற்கப்படுகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

சோற்றுப் பக்கத்தை அரசு பார்த்துக்கொண்டது. நான் பெருமைப்படும் வரலாறு அது. 1956-இல் காமராஜர் காலத்தில் பரவலான பள்ளி மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆக அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை நாலும் தெருமுனைக் கடைக்கு வந்துவிட்டன. தட்டின் பச்சைப் பாதியை மட்டும் வீட்டுப் பெண் தன் கைக்காசில், தானே நடந்து, தன் நேரத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காய் அழுகும் பொருள். கிடங்கில் அடுக்கி மாதம் ஒருமுறை அளந்து போட முடியாது. அதனால்தான் காயைப் பொறுத்தவரை ரேஷன் கடையின் வேலையைச் சந்தை செய்ய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு சந்தை வாய்த்தது. 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் கருணாநிதி மதுரை அண்ணாநகரில் திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987-இலேயே 'அப்னி மண்டி' வந்திருந்தது. அதே 1999 ஜனவரியில் ஆந்திரம் 'ரைத்து பஜார்' தொடங்கியிருந்தது. யோசனை இரவல்தான். இங்கே அது வேர்பிடித்த விதம் நம்முடையது. 2001-இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. இன்று மாநிலமெங்கும் ஏறத்தாழ 180 சந்தைகள். நடுவில் ஐந்தாண்டு அரசின் ஆதரவில்லாமல் கிடந்தும் பல ஊர்களில் இவை முற்றாகச் செத்துப்போகாததற்குக் காரணம், காலை ஐந்து மணிக்குப் பை எடுத்துக்கொண்டு வந்த வாடிக்கையாளர்கள்.

நடைமுறை எளிமையானது. நிலத்தில் இன்ன காய் போட்டிருக்கிறார் என்று அதிகாரிகள் பார்த்து உறுதிசெய்து உழவருக்கு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையே தருகிறது. அதிகாலை அரசுப் பேருந்தில் காய்மூட்டையைச் சுமைக்கூலி இல்லாமல் ஏற்றி வரலாம். விடியுமுன் சந்தை அலுவலர்கள் மொத்தவிலை மண்டியிலும் வெளிச் சில்லறைக் கடையிலும் விலை விசாரித்து வருகிறார்கள். மண்டி விலைக்கு ஏறத்தாழ 20 சதவீதம் மேல், சில்லறை விலைக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கீழ் என்று அன்றைய விலை முடிவாகிப் பலகையில் எழுதப்படுகிறது. தரகு இல்லை, கமிஷன் இல்லை, எடையில் கழிவு இல்லை. இருபக்கமும் கொஞ்சம் லாபம்.

இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு பெரியது என்பதை ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வறிக்கை ஒன்று காட்டியது. தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போய்ச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை, மண்டிக் கமிஷன், அழுகல், சில்லறைக்காரர் லாபம் என்று வழியிலேயே கரைகிறது. இவை எல்லாமே கொள்ளை என்று நான் சொல்லவரவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மூட்டை இறக்குகிறவரும் பிழைக்க வேண்டும். ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி விளையும் கத்தரிக்காய் பெருநகர மண்டிக்குப் போய்த் திரும்பி நம் தெருவுக்கு வருகிறது என்றால், அந்தப் பயணத்தின் செலவு முழுவதும் யாருடைய உடம்பையும் வளர்க்காத செலவு.

பெரிய மண்டியின் பலவீனத்தையும் நாம் கண்ணால் பார்த்தோம். கொத்தவால் சாவடியிலிருந்து இடம் மாறி 1996-இல் திறக்கப்பட்ட கோயம்பேடு, 295 ஏக்கரில் பரந்த வளாகம். 2020 மே மாதம் கொரோனா அங்கே பரவி, ஐந்தாம் தேதி சந்தை மூடப்பட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை எழும்பும்வரை சென்னையின் சமையலறைகள் தடுமாறின. மறுவருஷம் மே மாத முழு ஊரடங்கில் அரசே காய்கறி வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது. தெருவுக்கே காயைக் கொண்டுவர முடியும் என்று அரசுக்குத் தெரிந்த காலம் அது. ஊரடங்கு போனதும் வண்டிகளும் போய்விட்டன. 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோதும் இப்படித்தான். சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். நெருக்கடி வந்தால் மட்டும் காய் ரேஷனுக்குள் வருகிறது.

பக்கத்தில் விளைந்ததை வாங்குவதால் உடம்புக்கு என்ன ஆதாயம்? இங்கே மிகைப்படுத்துகிறவர்கள் அதிகம் என்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். அறுத்த கீரை அறுத்த பின்னும் மூச்சு விடுகிறது. வெயிலும் காற்றும் பட்டால் அந்த மூச்சு வேகமாகிறது, ஈரம் போகிறது, கூடவே வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் இறங்குகின்றன. கர்ப்பிணிகளுக்கு மிகவும் வேண்டிய சத்து ஃபோலேட். அதனால் கீரை, கொத்தமல்லி, வெண்டை, கத்தரி, அவரை, புடலை இவற்றைப் பக்கத்தில், அன்றன்று அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்குவதில் பலன் உண்டு. பூசணி, சேனை, கருணை, சின்ன வெங்காயம், சர்க்கரைவள்ளி இவை ஒன்றிரண்டு வாரம் தாங்கும். பூசணி மாதக்கணக்கிலும் கிடக்கும். ஊட்டி கேரட் இரண்டு நாள் லாரியில் வந்தாலும் அதன் நிறச்சத்து பெரிதாகக் குறைவதில்லை. அறுத்த சில மணி நேரத்தில் உறையவைத்த பச்சைப்பட்டாணி, மூன்று நாள் கடையில் வாடிய காயைவிட மோசமில்லை. எல்லாமே உள்ளூரில்தான் வாங்குவேன் என்று யாரும் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. வாடுவதைப் பக்கத்தில் வாங்கு, தாங்குவதை எங்கிருந்தும் வாங்கு. என் வீட்டில் இந்த ஒரு கணக்குதான்.

இரத்தசோகைக்கு இன்னொரு கணக்கும் சேர வேண்டும். கீரையில் உள்ள இரும்பு அப்படியே இரத்தத்தில் சேராது; கீரையிலும் தானியத்திலும் உள்ள வேறு பொருள்கள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கூடவே வைட்டமின் சி இருந்தால் பிடி தளரும். சமைத்து இறக்கிய கீரையில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டு, சாப்பிட்டதும் பாதிக் கொய்யா. ஆரஞ்சை மருந்துபோல் வாங்கிக் கொடுக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது; ஆரஞ்சில் அதில் நாலில் ஒரு பங்கைத் தாண்டாது. தெருவில் தட்டுக்கூடையில் வரும் பழம்தான் கூடுதல் சத்துள்ளது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது நல்லது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள நிறச்சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் வேண்டும். நம் பாட்டிமார் பொரியலுக்குத் தாளித்துத் தேங்காய்ப்பூ தூவியது ருசிக்காகத்தான், சத்துக்கும் அது பொருந்திப்போனது. கீரையை நறுக்கிவிட்டுத் தண்ணீரில் அலசும் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். கழுவிவிட்டு நறுக்கினால் கரைந்து போவது குறையும்.

மண்டிக்காரர்கள் காயை இரண்டாகப் பிரிப்பார்கள்: நாட்டுக்காய், இங்கிலீஷ் காய். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், சௌசௌ எல்லாம் இங்கிலீஷ் காய். சில ஊர்களில் மலைக்காய். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்த காலத்தோடு தொடங்கிய வழி இது. இருநூறு ஆண்டில் நம் கல்யாணப் பந்திவரை வந்துவிட்டது. கத்தரி, வெண்டை, அவரை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, சுரை, பாகல், முருங்கை, வாழைப்பூ எல்லாம் நாட்டுக்காய். உழவர் சந்தையில் பெரும்பாலும் குவிவது இந்தக் கூட்டம். குழந்தைகளின் டிபன் பாக்ஸில் கேரட்டும் பீன்ஸும் மட்டுமே போவது எனக்கு வருத்தம் தருகிறது. கொத்தவரையும் பீர்க்கங்காயும் மலிவாக இருக்கும் நாளிலும் வாங்கப்படாமல் கிடப்பதைப் பார்க்கிறோம். ஒரு தலைமுறைக்கு அவற்றின் ருசி பழகாமல் போனால் அவற்றைப் பயிரிடுகிறவரும் விட்டுவிடுவார். வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த காயும் வாங்குகிறவர் இருந்தால்தான் வயலில் நிற்கும்.

பருவமும் சந்தையில்தான் தெரியும். ஆடிப்பட்டத்தில் விதைத்தது புரட்டாசியில் காய்க்கத் தொடங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும், தக்காளி ஏறும்; அந்த நாட்களுக்குப் புளியும் வத்தலும் இருக்கின்றன. தையில் மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளியும் பரங்கியும் குவிகின்றன. பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பு, அந்த மாதச் சந்தையின் பட்டியலேதான். சித்திரையில் வெள்ளரி, நுங்கு, மாங்காய். எந்தக் காய் குவிந்து கிடக்கிறதோ அதுவே அன்றைக்கு மலிவு, அதுவே அன்றைக்குப் புதுசு. சந்தைக்குப் போகுமுன் இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவுசெய்துகொண்டு போகிறவருக்குச் செலவு கூடும். போய்ப் பார்த்துவிட்டுக் குழம்பை முடிவுசெய்கிறவருக்குக் குறையும்.

செலவுக் கணக்குக்கு வருவோம். தினம் 1.6 கிலோ என்றால் மாதம் 48 கிலோ. மலிவும் விலையும் கலந்து கிலோவுக்குச் சராசரி 40 ரூபாய் என்று வைத்தால் 1,920 ரூபாய். பழத்துக்கு மாதம் 12 கிலோ, கொய்யாவும் வாழையும் பப்பாளியுமாகக் கிலோ 50 ரூபாய் என்றால் 600. ஆக ஏறத்தாழ 2,500 ரூபாய். 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு வரும் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் இதில் ஐந்தில் இரண்டு பங்கு. தினக்கூலி வீட்டுக்கு மீதி 1,500 லேசான தொகை ஆகாது. ஆனால் 2022-23 வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின் எண்களையும் பார்க்க வேண்டும். இந்திய நகரக் குடும்பங்கள் தங்கள் மொத்தச் செலவில் காய்கறிக்கு 3.8 சதவீதம் ஒதுக்குகின்றன. பானங்களுக்கும் பொட்டலத் தின்பண்டங்களுக்கும் தயாரித்த உணவுக்கும் 10.6 சதவீதம். கிராமத்திலும் பின்னது 9.6 சதவீதம். காசு இருக்கிறது, அது வேறு கடைக்குப் போகிறது. ஏனென்றால் அந்தக் கடை ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை வீட்டு வாசலில், ராத்திரி பத்து மணிவரை தொங்கவிட்டிருக்கிறது.

அந்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு ஈடாகக் காய்ச் சந்தையில் ஒன்று உண்டு. அதன் பெயர் கூறு. சாக்கை விரித்து நாலு கத்தரிக்காய், ஆறு தக்காளி, ஒரு கைப்பிடி அவரை என்று குவித்து 'கூறு பத்து, கூறு இருபது' என்று விற்பது. படித்தவர்கள் இதை எடையில்லாத ஏமாற்று என்று நினைப்பதுண்டு. கையில் முப்பது ரூபாய் இருக்கும் ஒருத்திக்கு மூன்று வகைக் காய் வீட்டுக்குப் போக வழி செய்வது கூறுதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அதுதான் சரியான அளவும். குளிரூட்டிய கடைகளில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கட்டி வைத்த பொட்டலம் அவளுக்கானதல்ல. உழவர் சந்தையில் எடைக்கு விற்பது நேர்மை. அதோடு கால் கிலோவுக்கும் குறைவாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் போடும் பழக்கமும் நிலைக்க வேண்டும். 

குறைகளை மறைக்க விரும்பவில்லை. உழவர் அட்டையை வைத்துக்கொண்டு மண்டிச் சரக்கை விற்கும் வியாபாரிகள் நுழைவது பழைய புகார். உழவர் சந்தைக் காய் என்றாலே மருந்தடிக்காத காய் என்று நம்புவதும் தவறு. கத்தரியில் காய்த்துளைப்பான் விழுந்தால் எந்த உழவரும் மருந்துக்குத்தான் ஓடுகிறார். காலிஃபிளவர், வெண்டை இரண்டும் அப்படித்தான். மருந்தடித்த பின் அறுப்பதற்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் என்று ஒரு கணக்கு உண்டு. விலை ஏறும் வாரத்தில் அது மீறப்படுகிறது. ஆனால் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றைச் செய்யலாம்: கேட்கலாம். "எப்பண்ணே மருந்து அடிச்சீங்க?" என்று வாரா வாரம் கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால் அவர் அடுத்த வாரம் நாலு நாள் கூடக் காத்திருப்பார் என்பது என் அனுபவம். லாரியில் வந்த காயிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. மற்றபடி, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுவதும், வாழைத்தண்டு, வாழைப்பூ, கொல்லை முருங்கை போன்றவற்றை வாரத்தில் கூட்டிக்கொள்வதும் நம் கையில் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நேரம். உழவர் சந்தை விடிகாலையில் கூடி மதியத்துக்குள் கலைகிறது. உழவருக்கு அது சரி. திரும்பிப் போய் வயலைப் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் துணிக்கடைக்கும் போகிற பெண்ணுக்கு அந்த நேரம் அடுப்படி நேரம். 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குத் தினம் சராசரி 299 நிமிடம் கொடுப்பதாகச் சொன்னது. வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்கள் 97 நிமிடம். கீரை வாங்குவதோடு வேலை முடியாது, ஆய வேண்டும். ஒரு கட்டு முருங்கைக்கீரையை உருவி முடிக்க அரைமணி ஆகும். குடும்பத்தின் ஆரோக்கியம் என்று பேசும்போது இந்த அரைமணி யாருடையது என்று நாம் கேட்பதே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எல்லார் மடியிலும் ஒரு பிடி கீரையைப் போட்டால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. ஆய்ந்த கீரை, உரித்த பூண்டு, நறுக்கிய வாழைத்தண்டு என்று விற்கும் பெண்கள் நம் சந்தைகளின் வாசலில் இருக்கிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் வாழைப்பூவின் கள்ளனை எடுத்துப் பார்க்கட்டும்.

தூரத்துக்கு ஒரு விடை தற்செயலாக வந்திருக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்கு முன்பு போக வரப் பேருந்துக் கட்டணம் கொடுக்க வேண்டும். அது ஒரு கூறு காயின் விலை. இப்போது அந்தக் காசு பையிலேயே இருக்கிறது. நேரத்துக்கும் ஒரு தொடக்கம் நடந்தது. 2022-க்குப் பிறகு சில உழவர் சந்தைகளில் மாலையில் சிறுதானியமும் பயறும் விற்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் வருகிற பெண் தேடுவது தினையை அல்ல, மறுநாள் சமைக்கக் காய். மாலை நாலு மணிக்கு அறுத்த கீரையும் வெண்டையும் ஆறு முதல் எட்டு வரை பேருந்து நிலையத்தை ஒட்டியே விற்கப்பட வேண்டும். மதுரைக்காஞ்சி பேசும் மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு இருந்தன. முதல் உழவர் சந்தை கண்ட அதே ஊரில் அந்த இரண்டாவது அங்காடிக்கு ஒரு கூரையும் நாலு விளக்கும் போதும்.

அதுவரை அந்த வேலையைச் செய்கிறவர்கள் பேருந்து நிறுத்தத்தில் சாக்கு விரித்து உட்காரும் பெண்கள்தான். காலையில் சந்தையிலும் மண்டியிலும் எடுத்த கீரையை நாள் முழுக்க ஈரத்துணியில் பொதிந்து, மணிக்கொருமுறை தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஏழேகாலுக்குக் கம்பெனிப் பேருந்து வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் பாதிப்பேர் நேராக அந்தச் சாக்கை நோக்கித்தான் வருகிறார்கள்.

"என்னக்கா இருக்கு?"

"அரைக்கீரை ரெண்டு கட்டு கெடக்கு. லேசா வாடியிருக்கு, பதினஞ்சு குடு."

கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அந்தப் பெண் கட்டைப் பிரித்து நடுவில் அழுகல் இருக்கிறதா என்று பார்க்கிறாள். இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு கூறு கத்தரிக்காயைக் காட்டுகிறாள்.